மைக்ரொஸ்கொபிக் கொலைட்டிஸ் உள்ளவருக்குத் தயிர் ஒத்துப்போகுமா? வீட்டில் பார்த்தறியும் முறை

அம்மாவுக்கு மைக்ரொஸ்கொபிக் கொலைட்டிஸ், அதாவது நுண்ணோக்கியில்தான் தெரியும் பெருங்குடல் அழற்சி, என்று முடிவு வந்த கிழமையில், பார்க்க வந்த எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "தயிர் குடுங்கோ, வயித்துக்க நல்ல கிருமி சேரும்." கிண்ணியா, கந்தளாய்ப் பக்கமிருந்து எருமைத் தயிர் மண்சட்டியில் வருகிற திருகோணமலையில் தயிருக்கு என்ன குறை? அன்றே ஒரு சட்டி வாங்கி இனிப்புப் பாணியும் ஊற்றிக் கொடுத்தேன். அன்றிரவு அம்மா ஐந்து தடவை எழுந்து போனார். புதிதாக இந்த நோயோடு வாழத் தொடங்குகிறவர்களுக்கு அந்த இரவு வரக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நோயில் கொலொனோஸ்கோபி (கமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்யும்போது பெருங்குடல் அநேகமாக நல்லபடியாகத்தான் தெரியும். சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அழற்சி பிடிபடும். இரத்தமில்லாமல் தண்ணீராகப் போவதுதான் முக்கிய அடையாளம். வயதான பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது.

முதல் படி, குளிசைகள். டொக்டர் பெரும்பாலும் குடல் அழற்சியைத் தணிக்கும் பியூடெசோனைட் எழுதுவார், வழக்கமாக நாளுக்கு 9 மில்லிகிராம். தயிரோ நல்ல கிருமி அடைத்த கப்சியூலோ அதற்கு மாற்று இல்லை. 2016இல் வந்த அமெரிக்க வழிகாட்டல்கூட, இந்த நோய்க்குச் சிகிச்சையாக புரோபயாட்டிக் (அந்த நல்ல கிருமிகள்) கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அப்புறம், வீட்டில் எடுக்கிற எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்கு எடுக்கும் புரூபன், டைக்ளோபினாக், நெஞ்செரிவுக்கு எடுக்கும் ஒமிப்பிரசோல் போன்றவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம்.

இரண்டாம் படி, ஒரு கொப்பி. எத்தனை தடவை போனது, அதில் எத்தனை தண்ணீர், என்ன சாப்பிட்டார், அவ்வளவும் போதும். ஒரு கிழமைச் சராசரி நாளுக்கு 3 தடவைக்குக் குறைவாகவும், தண்ணீராகப் போவது நாளுக்கு ஒன்றுக்குக் குறைவாகவும் இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று வைத்தியர்கள் கொள்வார்கள். அந்த நிலைக்கு வரும்வரை தயிரைத் தொடாதீர்கள். ஏற்கெனவே கலங்கியிருக்கும் வயிற்றில் எது செய்த வேலை என்று கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் படி, ஒரு கிழமைக்கு ஒரே மாதிரியான லேசான சாப்பாடு. வெள்ளைச் சோறு, இடியப்பம், கப்பிப்பால் (தேங்காயைக் கடைசியாகப் பிழிந்த தண்ணிப்பால்) விட்ட சொதி, அவித்த பாரை மீன், கதலிப்பழம். பச்சை மிளகாய், தேங்காய் முதற்பால், பொரியல், கோப்பி, பால் தேத்தண்ணி எல்லாம் கொஞ்சம் ஒதுங்கட்டும். இது எல்லாருக்கும் பொதுவான பத்தியம் இல்லை. எங்கள் அம்மாவின் வயிறு அமைதியாக இருந்த சாப்பாடு இது. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம்.

இனித்தான் தயிர். சட்டியின் மேலே தடித்த ஆடை இருக்கும், அதை அகப்பையால் வழித்து எடுத்துவிடுங்கள். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், கொழுப்பே சிலருக்கு வயிற்றைக் கழுவிவிடும். பால் உறையும்போது கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். பாணி வேண்டவே வேண்டாம். இனிப்பு கூடினால் குடலுக்குள் தண்ணீர் இழுபடும், அப்புறம் குற்றம் தயிரின் மேல் விழும். நான் விட்ட பிழையும் அதுதான்.

முதல் மூன்று நாள் மதியச் சோற்றோடு இரண்டு மேசைக்கரண்டி. கொப்பியில் கணக்கு மாறவில்லையா, சரி, அடுத்த மூன்று நாள் அரைக் கோப்பை. மாறினால் நிறுத்திவிட்டு, இரண்டு கிழமை கழித்து, பசுப்பாலில் வீட்டில் உறையவைத்த தயிரோடு திரும்பத் தொடங்குங்கள். அந்த நாட்களில் வேறு எந்தப் புதுச் சாப்பாடும் சேர்க்காதீர்கள். பழஞ்சோறும் நல்லதுதானே என்று கேட்பார்கள். எங்கள் ஊர் வெக்கைக்கு இரவெல்லாம் ஊறும் சோற்றில் வேண்டாத கிருமியும் சேரலாம், போதாததற்குப் பச்சை வெங்காயம் வேறு. நான் கொடுக்கவில்லை.

பார்மசியில் புரோபயாட்டிக் கப்சியூல் வாங்குவதானால் டொக்டரிடம் கேட்டு ஒரேயொரு வகை, நான்கு கிழமை, அதே கொப்பிக் கணக்கு. கணக்கில் மாற்றம் இல்லாவிட்டால் அந்தக் காசை மீனுக்குச் செலவழியுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கேட்காமல் எடுக்கவே கூடாது.

வயிறு போகிற நாட்களில் ஜீவனிப் பொதியை (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுங்கள். இரத்தம் கண்டால், காய்ச்சல் வந்தால், நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்தால், கொப்பியையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.