மூடிய ஸ்டூடியோவின் நெகட்டிவ்களைப் பேணும் முறை

திருகோணமலையில் ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாக நடத்திவந்த ஸ்டூடியோ மூடப்படும்போது கமெராவுக்கும் விளக்குகளுக்கும் விலை பேச ஆட்கள் வருவார்கள். இருட்டறை அலுமாரியில் அடுக்கியிருக்கும் நெகட்டிவ் பெட்டிகளை எவரும் கேட்பதில்லை. போர்க்கால இடப்பெயர்வுகளிலும் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையிலும் வீட்டு அல்பங்களை இழந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களுடைய பாட்டனாரின் முகம் அந்தப் பெட்டிகளில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் குப்பைக்குப் போகவிடாமல் காப்பது வாரிசுகளின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

எந்தப் பெட்டியையும் திறப்பதற்கு முன் ஸ்டூடியோவின் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். படம் எடுப்பித்தவரின் பெயர், ஊர், திகதி, பிரதிகளின் எண்ணிக்கை, வாங்கிய முற்பணம் ஆகியவை அதில் ஓர் எண்ணுக்கு நேரே இருக்கும். அதே எண் நெகட்டிவின் உறையிலோ ஓரத்திலோ எழுதப்பட்டிருக்கும். இந்த இரண்டும் பிரிந்துவிட்டால் மிஞ்சுவது பெயரற்ற முகங்கள்தான். ஆகையால் அலுமாரியை இருந்தபடியே கைபேசியில் படமெடுத்து, பெட்டிகளுக்குப் பென்சிலால் வரிசை எண் இட்ட பின்னரே அவற்றை நகர்த்துங்கள். கிழிந்த உறையையும் எறியாதீர்கள்.

வேலைக்கு ஏற்ற காலம், தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள். மாரி தொடங்கினால் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சணம் விரைவாகப் பிடிக்கும்.

பெட்டிகளைத் திறந்ததும் பொருள்வாரியாகப் பிரியுங்கள். கண்ணாடித் தட்டுகளின் மங்கலான பக்கமே படம் படிந்த பக்கம். அதில் விரல் படக்கூடாது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் மேலுள்ள பாரத்தால் அடியில் உள்ளவை வெடிக்கும். நீண்ட ஓரத்தில் நிறுத்தியே வைக்க வேண்டும். பிலிம்களில் வினாகிரி மணம் வீசினால் அவை சிதையத் தொடங்கிய அசற்றேற்று பிலிம்கள். மற்றவற்றையும் கெடுக்காதபடி தனியே எடுத்து, முதலில் பிரதி செய்யுங்கள். மஞ்சளாகிப் பிசுபிசுத்து நெடி அடிப்பவை நைத்திரேற்று பிலிம்களாக இருக்கலாம். 1950களின் தொடக்கம்வரை உற்பத்தியான அவ்வகை தீப்பற்றினால் தண்ணீராலும் அணையாது. அவற்றைக் காற்றுப் புகாத டின்னில் அடைக்காமல், குடியிருக்கும் வீட்டிலிருந்து விலக்கி, நிழலான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் அந்த அச்சம் இல்லை.

துப்புரவு செய்யும்போதுதான் பெரும் இழப்பு நேர்கிறது. படத்தைத் தாங்கும் படலமான ஜெலற்றின், பூஞ்சணம் தின்ற பின் தண்ணீரில் கரையும். நனைத்த பஞ்சால் ஒருமுறை ஒற்றினாலே முகம் பஞ்சோடு வந்துவிடும். உலர்ந்த துணியும் வேண்டாம். நெகட்டிவைச் சன்னல் ஒளிக்குச் சாய்த்துப் பார்த்தால், கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் நுண்ணிய பென்சில் கோடுகள் மினுங்குவதைக் காணலாம். அவை ஸ்டூடியோக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துச் செய்த டச்சிங். அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைத்த அந்தக் கைவேலை துணியால் துடைத்தால் அழிந்துபோகும். இறப்பர் ஊதியால் தூசியை ஊதிவிடுவதும், கண்ணாடிப் பக்கத்தை மட்டும் மென்தூரிகையால் தடவுவதும் போதும்.

பிரதி செய்வதற்குச் சாதாரண ஸ்கேனர் உதவாது. ஒளி ஊடுருவும் மூடியுள்ள ஸ்கேனர் வேண்டும், அல்லது எல்இடி ஒளிப்பலகையில் நெகட்டிவை வைத்து, சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கறுப்புத் தாளால் மறைத்து, மேலிருந்து மக்ரோ லென்ஸால் (மிக அருகில் படமெடுக்கும் லென்ஸ்) எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு சென்றிமீற்றர் அகலமான 120 சுருள் பிலிமுக்கு 2400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) போதுமானது. மூலக் கோப்பை, தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொண்டு, அழகுபடுத்தும் திருத்தங்களைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். உறையையும் அதே எண்ணில் படமெடுங்கள்.

பதிவுப் புத்தகம் கிடைக்காவிட்டாலும் படங்களே காலம் சொல்லும். திருகோணமலைக் கோட்டைக்குள் உள்ள சுவாமிமலைக் குன்று படத்தில் இருந்தும், 1963இல் கும்பாபிஷேகம் கண்ட இன்றைய கோணேசர் கோயில் அதன்மேல் தெரியாவிட்டால் படம் அதற்கு முந்தியது. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் தெரிந்தால் 1958இலோ அதற்குப் பின்னரோ எடுத்தது. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்ததால் அதன் சீருடை மாலுமிகள் பெரும்பாலும் அதற்கு முன் எடுத்துக்கொண்டவர்கள். ஒரே பின்னணியில் நேர்முகமாக எடுத்த சிறு படங்கள் நிறைய இருந்தால், 1972இல் தொடங்கிய தேசிய அடையாள அட்டைக்காக எடுத்தவையாக இருக்கலாம். மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கத்து முதியவர்களிடம் அச்சிட்ட பிரதிகளைக் காட்டி, அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதி, சொன்னவர் பெயரையும் திகதியையும் சேருங்கள்.

காணாமற்போனவர்களின் முகங்களும் இவற்றில் இருக்கும். குடும்பத்தாரின் சம்மதமின்றி எந்த உருவப்படத்தையும் முகநூலில் இடாதீர்கள். உறவினர் கேட்டு வந்தால் இலவசமாகவே கொடுங்கள்.

கோப்புகளை மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஓரிடமேனும் ஊருக்கு வெளியே இருக்கட்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பேணும் 'நூலக நிறுவனம்' (Noolaham Foundation) என்ற அமைப்பிடமும் ஒரு பிரதியைக் கையளிக்கலாம். அப்போது எந்தப் படங்களைப் பொதுவில் காட்டலாம், எவற்றைக் குடும்பத்தார் கேட்டால் மட்டும் கொடுக்கலாம் என்பதை எண்வாரியாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.