தனியாகத் தொழில் செய்யும் பொறியாளர் தம் வருமான வரியைத் தாமே கணக்கிடுவது எப்படி?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சிறு அலுவலகம் வைத்துக்கொண்டு, ஏற்காட்டில் எழும் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் வரைபடம் தயாரித்துத் தரும் பொறியாளருக்கு மாதச் சம்பளமும் இல்லை, சம்பளத்தில் பிடித்த வரிக்கு முதலாளி தரும் சான்றான படிவம் 16-ம் இல்லை. அவரது வரியை மதிப்பிட்டுக் கட்டும் முறையை 2025-26 நிதியாண்டின் கணக்கைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் வங்கிக் கணக்கைப் பார்த்து, ஏப்ரல் 1 முதல் வந்த தொழில் கட்டணங்களை மட்டும் கூட்டி, மார்ச் இறுதிக்குள் வரவிருப்பதையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். கடனாக வாங்கிய தொகை இதில் சேராது. ரொக்கமாகக் கைக்கு வந்த கட்டணமும் வரவுதான் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மொத்தம் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவை. அது தனிக் கணக்கு.

அடுத்தது லாபம். பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர், உள் அலங்கார வல்லுநர் போன்றோர், ஆண்டு வரவு ரூ.50 லட்சத்துக்கு மேற்படாதபோது, வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 44ஏடிஏ-இன்படி வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம்; உண்மையான லாபம் பாதிக்கும் மேல் என்றால் அதையே காட்ட வேண்டும். எஞ்சிய பாதி எல்லாச் செலவுக்கும் ஈடு என்பதால், ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாரம் மும்முறை ஏறி இறங்கிய பெட்ரோல் ரசீதுகளைத் தனியே கழிக்க முடியாது.

வரவு ரூ.30 லட்சம், வேறு வருமானம் இல்லை என்று கொள்வோம். லாபம் ரூ.15 லட்சம். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 விழுக்காடாக ரூ.20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 விழுக்காடாக ரூ.40,000, மீதி 3 லட்சத்துக்கு 15 விழுக்காடாக ரூ.45,000. கூட்டினால் ரூ.1,05,000, அதன்மேல் 4 விழுக்காடு செஸ் (கூடுதல் வரி) சேர்ந்து ரூ.1,09,200.

இனி டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. விடுதி நிறுவனம் தந்த ரூ.6 லட்சத்தில் 10 விழுக்காடு, அதாவது ரூ.60,000 பிடித்திருந்தால், அது உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்த வீடு கட்டுவோர் பொதுவாக டிடிஎஸ் பிடிப்பதில்லை. 'அவர்கள் பிடித்திருப்பார்கள்' என்ற நம்பிக்கையால்தான் பலருக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில் அதிர்ச்சி காத்திருக்கிறது. மீதி ரூ.49,200. இது ரூ.10,000-க்குக் குறையாததால், முழுவதையும் மார்ச் 15-க்குள் முன்வரியாக, அதாவது நிதியாண்டு முடியுமுன்பே, கட்ட வேண்டும். 44ஏடிஏ முறையில் நான்கு தவணைகள் இல்லை, ஒரே தவணைதான். அந்த நாள் தவறி 31-க்குள் கட்டினால் அதுவும் முன்வரியாகவே கொள்ளப்படும், ஆனால் ஒரு விழுக்காடு வட்டி சேரும். ஏப்ரலைத் தொட்டுவிட்டால் மாதத்துக்கு ஒரு விழுக்காடு என வட்டி வளரும்.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் 'இ-பே டாக்ஸ்' பகுதிக்குச் சென்று கட்டும்போது, மதிப்பீட்டு ஆண்டாக 2026-27-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிதியாண்டின் பெயரையே இங்கும் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. செலுத்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நிதியாண்டு முடிந்தபின் ஐடிஆர்-4 படிவத்தில் கணக்கைத் தாக்கல் செய்யலாம். ஆனால் ஏற்காட்டில் குடும்பத்துக்கு மிளகு விளையும் நிலம் இருந்து, அதில் உங்கள் பங்காக ரூ.5,000-க்கு மேல் விவசாய வருமானம் வந்தால், ஐடிஆர்-3-க்கு மாற வேண்டும். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்க்காவிட்டால், படிவத்தை உரிய நாளில் அனுப்பியதாகவே கொள்ள மாட்டார்கள்.