ராஸ்பெரி பைக்கு மேல்பலகை தெரிவு செய்தல்: முதலில் வயர்களை எண்ணுங்கள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைக் கொண்டு தோட்டத்துக்கு ஏதேனும் செய்துபார்க்க முனையும் இளைஞர்கள், அதன்மேல் பொருத்தி நம் சுற்றை அமைக்கும் பரிசோதனைப் பலகைகளுள் எதை வாங்குவது என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். பலகையைத் தேடுமுன் ஒரு கடதாசியை எடுத்து, நடுவில் கணினியைக் கீறி, அதிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வயரும் எங்கே முடிகிறது, எத்தனை மீற்றர் நீளம், எத்தனை வோல்ட் என்று எழுதிக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்வேன். தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை மீயொலி உணரியால் அளந்து, இரண்டு மிளகாய்ப் பாத்திகளின் மண் ஈரத்தையும் பார்த்து, மோட்டரைப் போட்டு நிறுத்தும் ஒரு சிறிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். மீயொலி உணரிக்கு 4 வயர், ஈர உணரிகளுக்கு 3 வீதம் 6, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேக்கு 3 என மொத்தம் 13 வயர்கள் பெட்டியை விட்டு வெளியேறுகின்றன. இந்த எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் தெரிவில் பாதி முடிந்துவிடும்.

சிறிய பிரெட்போட் ஒட்டப்பட்ட பலகைகள், சோல்டர் செய்யாமலே, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டாமலே, வயரைச் செருகிப் பார்க்க வசதியானவை. வீட்டு மேசையில் சுற்றைச் சரிபார்க்க அவற்றைவிட நல்லது வேறில்லை. ஆனால் அவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. நான் அப்படி ஒன்றை மோட்டர்க் கொட்டிலில் வைத்தேன். வெயில் காலம் முழுவதும் அது ஒழுங்காக வேலை செய்தது. மாரி தொடங்கிச் சில கிழமைகளில், தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருக்க, மோட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உணரியின் வயரை மெல்லத் தொட்டவுடன் அது கையோடு வந்தது. அதன் நுனியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மோட்டரின் அதிர்வும் ஈரக்காற்றும் சேர்ந்தால், செருகி மட்டும் வைத்த இணைப்பு தாங்காது.

ஆகவே தோட்டத்தில் நிலையாக இருக்கவேண்டிய வேலைக்குச் சோல்டர் செய்யும் பலகையையே எடுக்கவேண்டும். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு துளையும் தனித்தனியாக இருக்கும். எல்லா இணைப்பையும் நாமே வயர் போட்டுச் செய்யவேண்டும். மற்றதில் துளைகள் பிரெட்போட்டில் உள்ளதுபோல வரிசைவரிசையாக உள்ளே இணைக்கப்பட்டிருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். மேசையில் சரிபார்த்த சுற்றை அதே ஒழுங்கில் அப்படியே மாற்றி வைக்கலாம், பிழையும் குறையும்.

வெளியே போகும் வயர்களுக்கு, வயரைத் திருகாணியால் இறுக்கிப் பிடிக்கும் டேர்மினல்கள் வேண்டும். கணினியின் 40 பின்களையும் (இணைப்பு முனைகளையும்) திருகாணிக்குக் கொண்டுவரும் ஆயத்தப் பலகைகள் உண்டு என்றாலும், அவற்றில் மின்தடைகளையோ சிப்களையோ வைக்க இடம் குறைவு. வரிசைத் துளைப் பலகையின் ஓரத்தில் டேர்மினல்களை நாமே சோல்டர் செய்வது மேலானது. அப்போது ஓர் அளவைக் கவனிக்கவேண்டும்: துளைகளின் இடைவெளி 2.54 மில்லிமீற்றர் என்பதால், 5.08 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள டேர்மினல் சரியாக ஒரு துளை விட்டு ஒரு துளையில் இறங்கும், 3.5 மில்லிமீற்றர் வகை இறங்காது. வாங்கும்போது இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும்.

பலகையில் எவ்வளவு இடம் தேவை என்பதை மின்சாரம்தான் தீர்மானிக்கிறது. ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்கள், அதாவது உணரிகளோடும் ரிலேயோடும் பேசும் பின்கள், 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை; 5 வோல்ட் போனால் கணினி பழுதாகலாம். 5 வோல்ட்டில் இயங்கும் மீயொலி உணரி தன் பதிலையும் 5 வோல்ட்டிலேயே அனுப்புவதால், இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை வைத்து அதை ஏறத்தாழ 3.3 வோல்ட்டாகக் குறைக்கவேண்டும். மண் ஈர உணரிகள் ஏறி இறங்கும் வோல்ட்டைத் தருபவை. அதை நேரடியாக அளக்கும் வசதி இந்தக் கணினியில் இல்லாததால், அந்த வோல்ட்டை எண்ணாக மாற்றித் தரும், எட்டு வழிகள் கொண்ட எம்சிபி3008 போன்ற சிப் ஒன்றுக்கும் இடம் விடவேண்டும். 5 வோல்ட் ரிலேச் சுருள் 70 மில்லி அம்பியர் அளவில் இழுக்கும். ஒரு பின்னிலிருந்து 16 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கலாகாது என்பதால், சுருளை நேரே இணைக்காமல், இயக்கும் டிரான்சிஸ்டர் ஏற்கெனவே உள்ள ரிலேப் பலகையை வாங்குங்கள்.

230 வோல்ட் இந்தப் பலகைக்குள் வரவே கூடாது. அருகருகேயுள்ள இரண்டு துளைகளின் செப்பு வளையங்களுக்கிடையில் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. ஈரமும் தூசியும் படிந்தால் அந்த இடைவெளி பாதுகாப்பல்ல. ரிலேயைத் தனிப் பெட்டியில் வைத்து, அதைக்கொண்டு மோட்டரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சான கொன்டாக்டர் ஒன்றை இயக்கி, மோட்டர் வயரிங்கைத் தெரிந்த மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள். கிணற்றடியில் ஈரக்காலோடு நிற்பவர் நம் வீட்டார்தான்.

அடுத்தது பொருத்தம். 2014இல் வந்த பி பிளஸ் மாதிரியிலிருந்து 40 பின் அமைப்புத்தான். 26 பின் உள்ள பழைய கணினி ஒன்று கைமாறி வந்திருந்தால் புதிய பலகைகள் பொருந்தமாட்டா. ஹட் என்ற, ராஸ்பெரி பை மேல்பலகைகளுக்கான முறைப்படி செய்த பலகை ஏறத்தாழ 65க்கு 56 மில்லிமீற்றர் இருக்கும். அது யுஎஸ்பி துவாரங்கள்மேல் படாது. கணினியின் முழு நீளத்துக்கும் வரும் பலகையாயின், அதன் அடியிலுள்ள சோல்டர் முனைகள் யுஎஸ்பியின் உலோகக் கூட்டில் முட்டாதபடி பலகையைத் தூக்கிப் பிடிக்கும் உயரமான தாங்கிக் கால்கள் வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைப்பதானால் அந்த உயரம் காற்றோட்டத்துக்கும் உதவும், ஏனெனில் 80 பாகை செல்சியசை நெருங்கும்போது கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹட் பலகைகளில் வரும், பலகையைக் கணினிக்கு அடையாளம் காட்டும் நினைவகச் சிப் நம் சொந்தச் சுற்றுக்குத் தேவையில்லை; அதற்கென்று கூடுதல் காசு கொடுக்கவேண்டாம்.

கொழும்பிலிருந்து ஓடர் செய்யும்போது, கணினியின் பின்களில் செருகும் 40 துளை ஹெடர், தாங்கிக் கால்கள், திருகாணிகள் ஆகியன பலகையோடு வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு ஹெடருக்காக இன்னொரு கூரியரைக் காத்திருப்பது மனதைச் சோரவைக்கும்.

சோல்டர் முடிந்தபின், கணினியில் பொருத்துமுன், மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து 1ஆம், 2ஆம், 6ஆம் பின்களை ஒன்றோடொன்று சோதியுங்கள். முதலாவது 3.3 வோல்ட், இரண்டாவது 5 வோல்ட், ஆறாவது தரை (கிரவுண்ட்). எந்த இரண்டுக்கிடையிலும் மணி ஒலிக்கக் கூடாது. முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரு சிறு ஈயத்துளி போதும் அவற்றை ஒட்டிவிட. பிறகு 13 வயர்களையும் ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்து, கழன்றதைத் திரும்ப இறுக்கி, எந்த வயர் எதற்கு என்று துண்டு ஒட்டியபின் பெட்டியை மூடுங்கள்.