கொல்லிமலைக்கு ஒரே நாள்ல போயிட்டு வர்றது எப்படி: அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, கூட ஒரு உள்ளூர் கைடு

கொல்லிமலைக்குக் கிளம்புறவங்க முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கணும். மத்த மலைக்கோயில்ல எல்லாம் காலைல தெம்பா ஏறுவோம், சாமி கும்பிடுவோம், அசதியோட இறங்கி வந்துடுவோம், இங்க அது அப்படியே தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் வரைக்கும் வண்டி போயிடும், அங்க இருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி கீழ இறங்கணும், இறங்கும்போது ஜாலியா இருக்கும், குளிச்சு முடிச்சு உடம்பு தளர்ந்து போய் பசியும் எடுக்குற நேரத்துலதான் அத்தனை படியையும் திரும்ப ஏறணும். அதனால அன்னிக்கு நாள் முழுக்க என்ன சாப்பிடுறோம், எப்ப கிளம்புறோம், யாரைக் கூட்டிட்டுப் போறோம்னு எல்லாமே அந்த ஏற்றத்தை வச்சுதான் முடிவு பண்ணனும்.

நான் முதல் தடவை ஒரு பேக்கேஜ் டூர்ல போனேன். ஒரே நாள்ல ஒன்பது இடம்னு போட்டிருந்தாங்க, அருவிக்கு ஒன்றரை மணி நேரம்தான் குடுத்தாங்க, அதுவும் வயிறு முட்ட மதிய சாப்பாடு போட்டு முடிச்ச உடனே. கூட எங்கப்பா, வயசு 61. ஏறும்போது பாதி படியில தொடை பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார், முகமெல்லாம் வேர்த்து வெளுத்துப் போச்சு, மேல இருந்து வண்டிக்காரர் போன் மேல போன் அடிக்குறார், அங்க சிக்னலும் சரியா இல்ல. அப்ப படியில எலுமிச்சை ஜூஸ் வித்துட்டு இருந்த மலைக்காரர் ஒருத்தர்தான் உப்பு போட்டுக் கலக்கிக் குடுத்து, "அய்யா அவசரப்படாதீங்க, அம்பது படி ஏறுங்க, உக்காருங்க, மறுபடி அம்பது"ன்னு சொல்லி, கூடவே நடந்து மேல கொண்டு வந்து விட்டார். அதுக்கப்புறம் நான் போனது எல்லாமே தனி வண்டி, தனி கைடு, ரெண்டே ரெண்டு பெரிய இடம்தான்.

சரி, எப்படி பிளான் பண்றதுன்னு பார்க்கலாம்.

நாமக்கல்ல இருந்து கிளம்புறது நல்லது, முந்தின நாள் ராத்திரியே அங்க வந்து தங்கிட்டா இன்னும் நல்லது. விடிகாலை அஞ்சரைக்கு வண்டி எடுத்தா சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி வந்துடலாம், அதான் அடிவாரம். வனத்துறை செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பை, பாட்டிலெல்லாம் பார்ப்பாங்க, அதனால தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க. அங்க இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு போர்டு வச்சிருப்பாங்க. ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாவும் ஒரு ரோடு இருக்கு, ஆனா முதல் தடவை போறவங்க காரவள்ளி வழியா ஏறுங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா வளைவு ஏற ஏற வெயில் குறைஞ்சு காத்து மாறுறது நல்லாவே தெரியும், முப்பது நாப்பது தாண்டினதும் ஜன்னலை முழுசா திறந்து விட்டுருவீங்க.

மலை ரோட்டுல ஓட்டிப் பழகாதவங்க சொந்த வண்டியை எடுத்துட்டுப் போக வேண்டாம், நாமக்கல்லயோ சேந்தமங்கலத்துலயோ மலைக்கு அடிக்கடி போற டிரைவரா பார்த்து டாக்ஸி பேசிடுங்க. ஓட்டத் தெரிஞ்சவங்களா இருந்தாலும் ஒவ்வொரு வளைவுலயும் ஹார்ன் அடிங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, இறங்கும்போது எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பிரேக்கை மட்டும் நம்பி 70 வளைவு இறங்குனா சூடாகி பிடிக்காம போயிடும். பஸ் திரும்பும்போது ரோடு முழுக்க அதுக்குத்தான் வேணும், ஒதுங்கி நின்னுடுங்க. வாந்தி வர்ற ஆளு இருந்தா முன் சீட்டு குடுங்க, காலைல வெறும் வயித்தோடவும் ஏற வேண்டாம், எண்ணெய் பலகாரமும் வேண்டாம், ரெண்டு இட்லி போதும். குரங்குக்கு எதுவும் தூக்கிப் போடாதீங்க, அது வளைவு வளைவா உக்காந்து வண்டியை எதிர்பார்க்குறதே நாம போட்டுப் பழக்குனதாலதான், அதுல எத்தனையோ அடிபட்டு சாகுது.

சோளக்காடு தாண்டி செம்மேடு வந்தா அதான் மலைக்கு டவுன் மாதிரி, வல்வில் ஓரி சிலை நிக்கும். கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர், இந்த மலையை ஆண்டவர், ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு வரிசையா துளைச்சார்னு புறநானூறு சொல்ற ஆளு. ஆடி 18 சமயத்துல அவருக்கு விழா நடக்கும், அப்ப கூட்டம்னா அவ்ளோ கூட்டம், ட்ரெக்கிங் மாதிரி அமைதியா போகணும்னு நினைக்கிறவங்க அந்த வாரத்தை விட்டுடுங்க.

கைடு விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கைடு மலைக்காரரா இருக்கணும், அவ்ளோதான். இங்க இருக்குற பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேரு, கேரளாக்காரங்கன்னு நினைச்சுக்காதீங்க, பேசுறது தமிழ்தான், முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்துல இருந்து வந்தவங்கன்னு அவங்களே சொல்வாங்க. செம்மேட்டுல தங்குற இடத்துலயோ டீக்கடையிலயோ கேட்டா ஆள் காட்டி விடுவாங்க, ஆனா அங்க போய் இறங்கிட்டுத் தேடாம முந்தின நாளே போன்ல பேசிடுங்க. பேசும்போது இதையெல்லாம் தெளிவா கேட்டுக்கோங்க: ரேட்டு தலைக்கா, இல்ல குரூப்புக்கு முழு நாளைக்கா, வேற யாரையும் கூட சேர்ப்பாரா, முக்கியமா, அருவிக்கு அடி வரைக்கும் கூட இறங்கி கூடவே ஏறி வருவாரா, இல்ல மேல படிக்கட்டுலயே நின்னு வழி மட்டும் காட்டுவாரா. கூட இறங்காத கைடு நமக்கு வேண்டாம். வீட்டுல பெரியவங்க, சின்னக் குழந்தை யாராவது வர்றாங்கன்னா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க. மதியம் அவருக்கும் நம்ம கூடவே சாப்பாடு வாங்கிக் குடுங்க, அதான் மரியாதை.

செம்மேட்டுல இருந்து கோயிலுக்கு பதினஞ்சு கிலோமீட்டர் பக்கம் வரும். இந்த ரோட்டை விறுவிறுன்னு கடந்து போயிடாதீங்க, பாதி வழியில வண்டியை நிறுத்தி கொஞ்ச தூரம் நடங்க, கைடுகிட்ட தோட்டம் காட்டச் சொல்லுங்க. எங்க கைடு அண்ணா ஒரு சில்வர் ஓக் மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனார், அடியில இருந்து நாலு ஆள் உயரத்துக்கு மிளகுக்கொடி மரத்தைச் சுத்தி ஏறியிருக்கு, இலையை விலக்குனா பச்சைப் பச்சையா சரம் தொங்குது. ஒரே ஒரு மணியைக் கிள்ளிக் குடுத்து கடிச்சுப் பாருங்கன்னார், முதல்ல பச்சை வாசனை, அப்புறம் நாக்கு நுனியில சுரீர்னு ஏறி காது வரைக்கும் போச்சு. கடையில வாங்குற மிளகுல இந்த வாசனை பாதி கூட இருக்காது. அதுக்குப் பக்கத்துலயே காபி, பலா, வாழை, கொஞ்சம் தள்ளி மரவள்ளியும் அன்னாசியும். முன்ன எல்லாம் சாமை, தினை, கேழ்வரகுன்னு சரிவு பூரா சிறுதானியமா இருந்ததாம், பணப்பயிர் வந்து அதெல்லாம் குறைஞ்சுபோச்சுன்னு அவர் சொன்னப்ப குரல்ல ஒரு வருத்தம் தெரிஞ்சுது. தோட்டத்துக்குள்ள போகும்போது அது ஒருத்தரோட வயிறுங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, கேக்காம எதையும் பறிக்காதீங்க.

கோயிலுக்கு ஒன்பது மணிக்குள்ள வந்துடணும். மதியம் நடை சாத்துவாங்க, அதனால கோயில் முதல்ல, அருவி அப்புறம், மாத்திப் போட்டுடாதீங்க. சாமி பேரு அறப்பளீஸ்வரர், அம்பாள் அறம் வளர்த்த நாயகி. தனிப் பதிகம் இல்லாம, தேவாரத்துல அறப்பள்ளின்னு பேரு மட்டும் வர்ற வைப்புத்தலம் இது. ஒரு விவசாயி நிலத்தை உழும்போது கலப்பை இடிச்சு ரத்தம் வந்துச்சாம், தோண்டிப் பார்த்தா லிங்கம், அந்த வெட்டுப்பட்ட தழும்பு இன்னமும் லிங்கத்து மேல இருக்கு, கூட்டம் இல்லாத நாள்ல குருக்கள்கிட்ட பணிவா கேட்டா தீபம் காட்டும்போது பார்க்கலாம். நான் ஒரு திங்கக்கிழமை போனேன், மொத்தமே ஆறு பேர்தான், அந்த இருட்டுக்குள்ள விளக்கு வெளிச்சத்துல அதைப் பார்த்தப்ப கண்ணு கலங்கிடுச்சு.

கோயிலை ஒட்டி ஓடுற ஆத்துல மீன் நிறைய இருக்கும், யாரும் பிடிக்க மாட்டாங்க. யாரோ ஒருத்தர் இந்த மீனை அறுத்து குழம்பு வச்சாராம், கொதிக்கும்போது துண்டெல்லாம் ஒண்ணு சேர்ந்து உயிரோட துள்ளி ஆத்துக்கே போயிடுச்சுன்னு கதை, அதனால மீனையும் சாமியாத்தான் பார்க்குறாங்க. பொரி போடலாம், ஆனா பொரி வாங்குன கவரை ஆத்துல விடாதீங்க தயவுசெய்து. இந்த ஆறுதான் அய்யாறு, இதேதான் கொஞ்ச தூரத்துல ஆகாய கங்கையா விழுந்து மலைக்கு அந்தப் பக்கம் திருச்சி மாவட்டத்துல புளியஞ்சோலைக்குப் போகுது. நாம குப்பை போட்டா கீழ குளிக்கிறவங்க காலுக்குத்தான் போய்ச் சேரும்.

இப்ப அருவி. கோயில்ல இருந்து நடக்குற தூரத்துல டிக்கெட் கவுன்ட்டர், அங்க இருந்து படி. மழை பெஞ்சு தண்ணி அதிகமா வந்தா விட மாட்டாங்க, அப்ப சண்டை போடாதீங்க, கல்லும் கட்டையும் தண்ணியோட சேர்ந்து விழும். செப்டம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் நல்ல சீசன், ஏப்ரல் மே மாசம் தண்ணி மெலிஞ்சிடும். செருப்பு வேண்டாம், பிடிப்பு உள்ள ஷூ போடுங்க. பையில ஒரு துண்டு, மாத்துத் துணி, கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி, இது போதும், அதுக்கு மேல தூக்காதீங்க, ஏறும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

படி ஒரே அளவா இருக்காது, சிலது முழங்கால் உயரம், சிலது வழவழன்னு பாசி. பைப் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டா காலை வச்சு இறங்குனா முட்டிக்கு அடி குறையும், இது எங்க கைடு சொல்லிக் குடுத்தது, உண்மையாவே வேலை செய்யுது. முதல் இருநூறு படி மரம் மூடி ஒண்ணுமே தெரியாது, சத்தம் மட்டும் எங்கயோ மழை பெய்ற மாதிரி கேக்கும். முக்கால்வாசி இறங்குனதும் காத்துல சாரல் முகத்துல படும், அங்க நின்னு திரும்பிப் பாருங்க, நாலு பக்கமும் செங்குத்தா பாறை, நாம கிணத்துக்குள்ள நிக்குற மாதிரி இருக்கும். அப்புறம் கடைசி வளைவு திரும்புனா முன்னூறு அடி உயரத்துல இருந்து தண்ணி. சாரல் அடிச்சு அடிச்சு பத்தடி தள்ளி நின்னாலே தலை நனைஞ்சிடும். நேரா அடியில போய் நிக்காதீங்க, ஓரமா பாறையைப் பிடிச்சுக்கிட்டு குளிங்க, கட்டியிருக்குற எல்லையைத் தாண்டாதீங்க. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், அரை மணி நேரம் போதும்.

அந்தப் பக்கம் காட்டுக்குள்ள கோரக்கர், காலாங்கிநாதர் குகைன்னு சித்தர்கள் இருந்த இடம் இருக்கு. கரடி நடமாடுற காடு, வனத்துறை அனுமதியும் கைடும் இல்லாம கால் வைக்காதீங்க. ஒரே நாள் ட்ரிப்ல அதையும் சேர்த்தா ஏற்றத்துக்குத் தெம்பு மிஞ்சாது, அதுக்குன்னே தனியா இன்னொரு நாள் வாங்க.

ஏறும்போது அந்த அம்பது படி கணக்குதான். வாயால மூச்சு விடாம மூக்கால விடுங்க, பேசாம ஏறுங்க, உக்காரும்போது ரெண்டு நிமிஷத்துக்கு மேல உக்காராதீங்க, கால் இறுகிடும். குரூப்ல யாரு மெதுவா ஏறுறாங்களோ அவங்களை முன்னாடி விடுங்க, கைடு கடைசில வரட்டும். இறங்க முக்கால் மணி நேரம் ஆனா ஏற ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. முட்டி வலி, இதய பிரச்சனை இருக்குறவங்க கோயில்லயே இருக்கட்டும், கோயிலே நிறைவா இருக்கும், வற்புறுத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க.

மேல வந்ததும் சோறு தேடாதீங்க, முடவாட்டுக்கால் சூப் குடிங்க. பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற கிழங்கு, பழுப்பு முடியோட பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கடைக்கார அக்கா ஒரு கிழங்கை எடுத்து கத்தியால முடியைச் சுரண்டுனாங்க, உள்ள இளம் பச்சை, மெல்லிசா நறுக்கி இடிச்சு மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் போட்டு கொதிக்க வச்சு டம்ளர்ல ஊத்திக் குடுத்தாங்க. மூட்டு வலிக்கு நல்லதுன்னு சொல்வாங்க, எனக்குத் தெரிஞ்சது, நடுங்கிட்டு இருந்த உடம்புக்கு அந்தச் சூடு இறங்குனப்ப அப்படி ஒரு இதமா இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு சாப்பாடு.

மதியத்துக்கு மேல எட்டுக்கை அம்மன் கோயில் மட்டும் போதும். சங்கப்பாட்டுல வர்ற கொல்லிப்பாவை இவங்கதான்னு மலையில நம்பிக்கை. நேரம் இருந்தா மாசிலா அருவி, அங்க ரொம்ப இறங்க வேண்டியதில்ல, கீழ இறங்க முடியாம கோயில்ல உக்காந்திருந்த பெரியவங்க குளிக்கிறதுக்கு அதுதான் தோது.

நாலரைக்கு மேல மலையில நிக்காம கிளம்பிடுங்க, 70 வளைவும் வெளிச்சத்துல இறங்கணும், சாயங்காலம் மஞ்சு இறங்குனா எதிர்ல வர்றது தெரியாது. வழியில சோளக்காட்டுல மிளகும் அன்னாசியும் வாங்கிக்கோங்க, கைல காசா வச்சிருங்க. கைடுக்குப் பேசுன காசை சில்லறை கேக்காம எண்ணிக் குடுத்துட்டு, அவர் நம்பரை வாங்கிட்டு வாங்க. நானும் அப்பாவும் போன மாசம் அதே அண்ணாவோட மறுபடி போனோம், அப்பா இருபத்தி மூணு தடவை உக்காந்தார், ஆனா முழுசா ஏறி வந்துட்டார்.