பத்து டாலர் நோட்டை வைத்துக் கனடா வரலாறு படிப்பது எப்படி?

கனடா வரலாற்றைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் 1867-இல் தொடங்கிப் பிரதமர்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். குடியுரிமைத் தேர்வுக்கு அது போதும். ஆனால் தேர்வு முடிந்த மறுவாரமே பாதி மறந்துவிடும். ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, அவர் வாழ்வின் ஒரே ஒரு நாளுக்குள் முழுதாக இறங்கிப் பாருங்கள், அது மறக்காது. யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர், கனடாவின் பத்து டாலர் நோட்டில் படமாக இருக்கும் கறுப்பினப் பெண் வயோலா டெஸ்மண்ட்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு பத்து டாலர் நோட்டு, குறிப்பெழுத ஒரு தாள், இணைய வசதி. கனடாவில் இல்லாதவர்கள் கனடா வங்கியின் இணையதளத்தில் நோட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

படி 1: நோட்டை நிமிர்த்திப் பிடியுங்கள்

2018 நவம்பரில் புழக்கத்துக்கு வந்த இந்த நோட்டு செங்குத்தாக அச்சிடப்பட்டது. கனடாவில் அப்படி வந்த முதல் நோட்டு இதுதான். முன்பக்கம் இருப்பவர் வயோலா. அவருக்குப் பின்னால் கோடு கோடாகத் தெரிவது அலங்காரம் இல்லை, நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகரான ஹாலிஃபாக்ஸின் வடபகுதி வரைபடம். அங்குள்ள காட்டிங்கன் தெருவில்தான் அவருடைய அழகு நிலையம் இருந்தது. நோட்டைத் திருப்பினால் வின்னிபெக்கில் உள்ள மனித உரிமை அருங்காட்சியகம், ஒரு கழுகின் இறகு, கனடாவின் உரிமைச் சாசனத்திலிருந்து ஒரு பகுதி.

பார்த்ததையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அழகு நிலையம் நடத்திய பெண்ணின் நோட்டில் உரிமைச் சாசனம் எதற்கு என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து வரும் படிகள் அதற்கான விடையைத் தேடித்தான் போகின்றன.

படி 2: வாழ்க்கையைச் சில வரிகளில் எழுதுங்கள்

1914-இல் ஹாலிஃபாக்ஸில் பிறந்தார். அழகுக்கலை படிக்க விரும்பினார், ஆனால் அந்த ஊரில் கறுப்பினப் பெண்களுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. மாண்ட்ரியால், அட்லாண்டிக் சிட்டி, நியூயார்க் என்று போய்க் கற்றுத் திரும்பினார். சொந்தமாக நிலையம் திறந்தார், பிறகு மற்றக் கறுப்பினப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளியும் தொடங்கினார். தன் பெயரில் அழகுசாதனப் பொருள்கள் தயாரித்து விற்றார். 1965-இல் நியூயார்க்கில் இறந்தார்.

இந்த விவரங்களுக்குக் கனடியக் கலைக்களஞ்சியம், கனடிய வாழ்க்கை வரலாற்று அகராதி இரண்டும் நம்பகமானவை. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். வாழ்க்கை வரலாற்று அகராதியில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: திருமணமான பெண்களை அதில் பிறந்த வீட்டுப் பெயரில்தான் வரிசைப்படுத்தியிருப்பார்கள். வயோலாவுக்கு அந்தப் பெயர் டேவிஸ். மற்றப் பெண்களைத் தேடும்போதும் இது கைகொடுக்கும்.

படி 3: அந்த ஒரு நாளை மணிவாரியாகப் பாருங்கள்

1946 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. தொழில் வேலையாக சிட்னி என்ற ஊருக்கு வயோலா காரில் போய்க்கொண்டிருந்தார். (நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது.) வழியில் நியூ கிளாஸ்கோவில் கார் பழுதாகிவிட்டது. மறுநாள்தான் சரியாகும் என்றதும் பொழுதைப் போக்க ரோஸ்லேண்ட் தியேட்டருக்குப் போனார்.

கீழ்த்தள இருக்கைக்குத்தான் டிக்கெட் கேட்டார், கொடுத்ததோ பால்கனி டிக்கெட். அதைக் கவனிக்காமல் உள்ளே போனவரைப் பணியாளர் தடுத்து மேலே போகச் சொன்னார். வயோலா திரும்பி வந்து, கூடுதல் பணம் தருகிறேன், டிக்கெட்டை மாற்றிக் கொடுங்கள் என்றார். அவரைப் போன்றவர்களுக்குக் கீழ்த்தள டிக்கெட் தர அனுமதியில்லை என்று பதில் வந்தது. அவர் உள்ளே போய்க் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்தார். மேலாளர் வந்தார், பிறகு போலீஸ் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து அவரை வெளியே தூக்கிக்கொண்டு போனதில் இடுப்பில் அடிபட்டது. இரவு முழுவதும் சிறையறையில் கையுறையைக் கழற்றாமல், நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை நீதிமன்றம். உடன் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. 20 டாலர் அபராதம், 6 டாலர் செலவுத்தொகை என்று தீர்ப்பு வந்தது.

படி 4: அந்த ஒரு சென்ட்டைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். நம்மூர்த் தியேட்டர்களில் பால்கனிக்குத்தான் விலை அதிகம், அங்கே நேர்மாறு. கீழ்த்தளம் 40 சென்ட், அதில் 3 சென்ட் கேளிக்கை வரி. பால்கனி 30 சென்ட், அதில் வரி 2 சென்ட். பால்கனி டிக்கெட்டோடு கீழே உட்கார்ந்ததால் மாகாண அரசுக்கு ஒரு சென்ட் வரி குறைந்துவிட்டது. குற்றச்சாட்டு இவ்வளவுதான். பணம் தருகிறேன் என்று கேட்டு நின்ற பெண்ணை, ஒரு சென்ட் வரி ஏய்த்தவர் என்று சொல்லித் தண்டித்தார்கள்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? கறுப்பினத்தவர் கீழே உட்காரக் கூடாது என்று நோவா ஸ்கோஷியாவில் சட்டம் எதுவும் இல்லை. அது அந்தத் தியேட்டர் வைத்திருந்த வழக்கம். வழக்கத்தை மீறினார் என்று யாரையும் சிறையில் போட முடியாது, அதனால் கைக்கு எட்டிய வரிச் சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

படி 5: இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஒரு பக்கம் விசாரணை. அதில் டிக்கெட் விலை வருகிறது, வரி வருகிறது, இருக்கை வருகிறது. நிறத்தைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அந்தப் பதிவை மட்டும் படிப்பவருக்கு இது சாதாரண வரி வழக்காகத்தான் தெரியும்.

இன்னொரு பக்கம், கேரி பெஸ்ட் என்ற கறுப்பினப் பெண் அதே 1946-இல் நியூ கிளாஸ்கோவில் தொடங்கிய 'தி கிளாரியன்' பத்திரிகை. நடந்தது நிறப் பாகுபாடு என்று அது முதல் பக்கத்திலேயே எழுதியது. கேரிக்கு அந்தத் தியேட்டரைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவரும் மகனும் அங்கே இதே அனுபவத்தைச் சந்தித்தார்கள். வழக்குப் போட்டுத் தோற்றவர் அவர்.

வரலாறு படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் பழக வேண்டியது இந்தப் படி என்பேன். அரசாங்கக் காகிதம் கையில் கிடைத்ததும், அதில் எந்தச் சொல் இல்லை என்று பாருங்கள். அப்புறம் அந்தச் சொல்லை அன்றைக்கே வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். பெரும்பாலும் சிறிய பத்திரிகைகளிலும் தேவாலயக் குறிப்புகளிலும் குடும்பக் கடிதங்களிலும்தான் அது கிடைக்கும்.

வயோலா மேல்முறையீட்டுக்குப் போனார். 1947-இல் மாகாண உச்ச நீதிமன்றம் நடைமுறைக் காரணம் சொல்லி மனுவைத் தள்ளியது. நீதிபதிகளில் ஒருவரான வில்லியம் ஹால் மட்டும் தன் தீர்ப்பில் ஒரு கேள்வி எழுப்பினார்: மேலாளர் இவ்வளவு முனைப்புக் காட்டியது அரசுக்கு ஒரு சென்ட் போய்விட்டதே என்ற கவலையிலா, இல்லை பொதுச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தி நிறப் பாகுபாட்டைத் திணிக்கவா? கேள்வி பதிவானது, ஆனாலும் தண்டனை நின்றது.

படி 6: பின்னால் நடந்ததைத் தேதியோடு சேருங்கள்

2010 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா அரசு மன்னிப்புக் கேட்டு, வயோலா குற்றமற்றவர் என்று ஏற்கும் முழு மன்னிப்பாணையும் வழங்கியது. இறந்த ஒருவருக்குக் கனடாவில் அப்படி வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. ஆணையில் கையெழுத்திட்ட துணைநிலை ஆளுநர் மேயன் ஃபிரான்சிஸ், அந்த மாகாணத்தில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். இவ்வளவும் நடக்க முக்கியக் காரணம், அக்காவின் கதையை ஊர் ஊராகச் சொல்லிவந்த தங்கை வாண்டா ராப்சன். 2021-இல் ஒன்டாரியோவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, அன்று வாங்கிய 26 டாலருக்கு ஈடாக 1,000 டாலர் காசோலையை அரசு வாண்டாவிடம் கொடுத்தது. அவர் அதைக் கல்வி உதவிக்கு அளித்துவிட்டார்.

படி 7: அடுத்தவரைத் தேர்ந்தெடுங்கள்

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்ப வேண்டாம். இந்த நோட்டில் இடம்பெற வேண்டிய பெண்ணைத் தேர்ந்தெடுக்கப் பொதுமக்கள் 26,000-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் அனுப்பினார்கள், கடைசிச் சுற்றில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். வயோலா போக மற்ற நால்வர்: மோஹாக் கவிஞர் பாலின் ஜான்சன், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற பாபி ரோசன்ஃபெல்ட், கியூபெக் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய இடோலா செயின்ட்-ஜான், இரண்டாம் உலகப் போரில் ஹரிக்கேன் போர் விமானத் தயாரிப்பை நடத்திய பொறியாளர் எல்சி மெக்கில்.

எனக்கு எல்சியைத்தான் அடுத்துப் படிக்கச் சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் படியில் நீதிமன்றப் பதிவுக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பதிவுகளையும் போர்க்காலப் பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை இருந்த ஊர் ஃபோர்ட் வில்லியம். இன்றைய வரைபடத்தில் அதைத் தண்டர் பே என்று தேட வேண்டும்.