சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீன்ல கேமரா என்ன சொல்லுதுன்னு பாக்குறது எப்படி

முதல்ல சவுண்டை ம்யூட்ல போட்டு ஒரு தடவ பாருங்க. வசனம் இல்லன்னாதான் யாரு எங்க நிக்கிறாங்க, யாரு முதுகு காட்டுறாங்கன்னு கண்ணுல படும்.

ட்வைலைட் ஸோன்ங்கிற பழைய அமெரிக்க டிவி சீரியல்ல 1960ல வந்த "ஐ ஆஃப் தி பிஹோல்டர்"னு ஒரு எபிசோட், பாக்கலன்னா பாத்துட்டு வந்து மிச்சத்த படிங்க. ஆஸ்பத்திரி ரூம், ஒரு பொண்ணு மூஞ்சி பூரா கட்டு, சுத்தி டாக்டர் நர்ஸ் எல்லாம் பேசிக்கிட்டே இருக்காங்க ஆனா ஒருத்தர் முகமும் தெரியாது, நிழல்ல நிப்பாங்க இல்லன்னா திரும்பி நிப்பாங்க, நமக்கு அது வித்தியாசமாவே தோணாது, ஏன்னா நம்ம கவனம் கட்டு மேலயே இருக்கு. கட்டு அவுந்ததும் பாத்தா பொண்ணு அழகா இருக்கா, பன்னி மூக்கு மத்தவங்களுக்குத்தான்! மேக்கப்பவிட அந்த நிழல்தான் அங்க கதை சொல்லுது.

2004ல ஆரம்பிச்ச பேட்டில்ஸ்டார் கேலக்டிகா சீரியல்ல விண்வெளி ஷாட்டே கையில புடிச்ச கேமரா மாதிரி ஆடும், அதனாலயே நிஜம்னு நம்பத் தோணும்.

அப்புறம் நீங்களே எடுத்துப் பாருங்க. கும்பகோணம் பக்கம் எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்ச வயல்ல, சாயங்காலம் அக்கா பொண்ண நிக்க வெச்சு ஃபோன்ல எடுத்தேன். வரப்புல ஃபோன சாய்ச்சு தரையோட வெச்சா நெல்லு தாளெல்லாம் முள்ளுக்காடு மாதிரி, அவ அந்த கிரகத்துக்கே ராணி. அதே இடத்துல போர்செட் மாடில ஏறி எடுத்தா, வழி தவறி வந்த ஒரு சின்னப் புள்ள.