ஃபிரிட்ஜில் தங்கிவிட்ட மீன் வாடையைப் போக்கும் முறை

குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ காலையில் வாங்கிய சாளை (மத்தி) மீனில் பாதியைக் குழம்புக்கு எடுத்துவிட்டு, மீதியைப் பாலிதீன் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைப்பது குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி வீடுகளில் வழக்கம். சக்கை எனப்படும் பலாப்பழத்தின் காலத்தில் வருக்கைச் சுளையும் அதனுடன் சேர்ந்துகொண்டால், கதவைத் திறந்ததுமே சமையலறை முழுவதும் வாடை பரவும்.

முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, உள்ளே உள்ள அனைத்தையும் வெளியே எடுத்து, கெட்டவற்றைக் கழித்துவிட வேண்டும். கண்ணாடித் தட்டுகளின் குளிர்ச்சி தணிந்த பிறகே அவற்றை வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் சுடுநீர் பட்டால் விரிசல் விடக்கூடும்.

எந்த வாடைக்கு எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மீன் வாடைக்கு முக்கியக் காரணமான டிரைமெத்திலமீன் என்ற வேதிப்பொருள் காரத்தன்மை கொண்டது என்பதால், அதை அடக்கும் வேலையை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கலந்த நீர்தான் செய்யும். மீன் கழுவும்போது வீட்டுப் பெரியவர்கள் புளித் தண்ணீர் ஊற்றுவது பலிப்பதும் இதனால்தான். கெட்ட பாலும் புளித்த மாவும் தரும் புளிப்பு வாடைக்கு, 1 லிட்டர் நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும்.

இவ்வளவு செய்தும் வாடை போகவில்லையெனில், கண்ணுக்குப் படாத மூன்று இடங்களை அவசியம் பார்க்க வேண்டும். கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். உள்சுவரின் அடியில் நீர் வடியும் சிறு துளையில் மீன் இரத்தம் கலந்த நீர் தேங்கியிருக்கலாம். அதில் வெதுவெதுப்பான வினிகர் நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். அந்த நீர் போய்ச் சேரும் தட்டு, பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் பின்புறம் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத அந்தத் தட்டே பல வீடுகளில் வாடையின் பிறப்பிடம்.

பின்பு உலர்ந்த துணியால் துடைத்து, சில மணி நேரம் கதவைத் திறந்து வைக்க வேண்டும். எஞ்சிய வாடையை உறிஞ்ச, தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாரித்துக் கடைகளில் விற்கப்படும் செயலூட்டிய கரியைக் (ஆக்டிவேட்டட் சார்கோல்) கிண்ணத்தில் வைக்கலாம். வீட்டில் சுட்ட சிரட்டைக்கரிக்கு அவ்வளவு உறிஞ்சும் திறன் இல்லை.

இனி மீனைக் கழுவி, நீரை வடித்து, இறுக மூடும் டப்பாவில் இட்டு வைக்க வேண்டும். மறுநாளும் சமைக்கப் போவதில்லை என்றால், அதை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இயங்கும் உறைபெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.